தொலைவழிப் பிரவேசத்திற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத் தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை, இஞ்சிவிளையைக் கடந்ததும் களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் புகுகின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு வரையப்பட்டதேயன்றி மக்களின் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்துவிடவில்லை. வீடு ஒரு பக்கமும் நிலம் மறுபக்கமுமாக உள்ள குடும்பங்களும், பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு மற்றொன்றிலுமாக உள்ள பெண்களும் இப்பகுதியில் அரியவர் அல்லர்.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் கொரோனா நோய்த் தடுப்பின் பொருட்டு இவ்வெல்லையில் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கேரளத்திற்குள் வருவதற்கு அனுமதிக்கப்பட்டிருந்த சில சாவடிகளுள் இஞ்சிவிளையும் ஒன்று. வருபவர் 'ஜாக்ரதா' என்னும் அரசாங்க வலைத்தளத்தில் முன்னதாக விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. வருபவர் யார், எந்த வாகனத்தில், எந்தச் சாவடி வழியாக, எந்த நாளில் வருகின்றார் என்பவை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. இது பலருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது உண்மையே. எனினும், ஓர் அனுமதி குறிப்பிட்ட மனிதருக்கு, குறிப்பிட்ட வழிக்கு, குறிப்பிட்ட நாளுக்கு மட்டுமே செல்லும் என்ற தத்துவத்தில் குற்றம் காண்பதற்கில்லை.

அதே சாலையோரத்தில் உள்ள ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிக்குள் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் நுழைய வேண்டுமாயின், ஒன்பது அல்லது பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணும், சம்மதம் தெரிவிக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துவதும் பல சமயங்களில் போதுமானவை. சாலைக்கு விதிக்கப்பட்ட எச்சரிக்கை கம்பிக்கு விதிக்கப்படவில்லை. அரசாங்க அலுவலகங்களில் எந்தத் தொலை அணுகல் மென்பொருளை அனுமதிக்கலாம் என்ற கேள்வி இந்த முரண்பாட்டிலிருந்தே எழுகின்றது.

மென்பொருள் இயங்கும் விதம்

ஒரு கணிப்பொறியின் திரையை வேறோர் இடத்திலிருந்து காணவும், அதன் விசைப்பலகையையும் சுட்டியையும் அங்கிருந்தே இயக்கவும் உதவும் மென்பொருளே தொலை அணுகல் மென்பொருளாகும். அலுவலகங்களில் இதனைச் சுருக்கமாக 'ரிமோட்' என்பர். 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஓலிவெட்டி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வி.என்.சி. என்பது இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. டீம்வியூவர், எனிடெஸ்க் முதலியவை இன்று பரவலாக வழங்குகின்றன.

வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுப்பதற்காக அலுவலக வலையமைப்பில் 'தீச்சுவர்' என்னும் காப்பு வைக்கப்படுவது வழக்கம். ஆனால் இம்மென்பொருள்களில் பல வெளியிலிருந்து உள்ளே வருவதில்லை. அலுவலகத்துக் கணிப்பொறி தானே வெளியே சென்று மென்பொருள் நிறுவனத்தின் இடைநிலைக் கணிப்பொறியைத் தொடர்பு கொள்கின்றது. உதவ முன்வருபவரின் கணிப்பொறியும் அவ்வாறே செய்கின்றது. அங்கே இரண்டும் இணைக்கப்படுகின்றன. உள்ளிருந்து புறப்பட்ட தொடர்பாதலின் தீச்சுவர் பெரும்பாலும் அதனை ஐயுறுவதில்லை. காவற்காரர் வாயிலைக் காத்து நிற்க, வீட்டுக்காரரே கொல்லைக் கதவைத் திறந்து அயலாரை அழைத்து வருவதற்கு இதனை ஒப்பிடலாம். மேலும், கணிப்பொறியில் நிறுவப்படாமலேயே இயங்கும் வடிவிலும் சில மென்பொருள்கள் கிடைக்கின்றன. புதிய மென்பொருளை நிறுவச் சிப்பந்திக்கு அதிகாரம் இல்லாத கணிப்பொறியிலும் அவை இயங்கிவிடக் கூடும்.

இவ்வாறு நுழைந்தவருக்கு, அந்த நேரத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவருக்கு உள்ள அதிகாரங்கள் யாவும் கிடைத்துவிடுகின்றன என்பதே கவனிக்கத்தக்க விஷயம். கிராம அலுவலகத்தில் நிலக்கரக் கணக்கும், வருமானம், சாதி முதலிய சான்றிதழ்களும் அத்திரையில் உள்ளன; பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவும் ஓய்வூதியப் பட்டியலும் உள்ளன; பள்ளியில் மாணவரின் பிறந்த தேதி உள்ளது. ஒரு முதியவரின் ஓய்வூதியமோ, ஒரு குடும்பத்தின் பத்து சென்ட் நிலமோ இப்பதிவுகளின் பிழையின்மையைச் சார்ந்தே நிற்கின்றது.

இன்று வழங்கும் விதிகள்

இந்திய அரசாங்கம் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலியின் வாயிலாகக் கைப்பேசிகளை வசப்படுத்திப் பணம் கவரப்படுவதாக வங்கிகளை எச்சரித்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தேசியத் தகவலியல் மையம் அரசாங்க ஊழியர்களுக்கென வெளியிட்ட பாதுகாப்பு நெறிகளில், அனுமதி பெறாத தொலை நிர்வாகக் கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்று கூறி, டீம்வியூவர், அம்மி அட்மின், எனிடெஸ்க் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகவே பெயரிட்டது. தற்காலிக ஊழியரும் ஒப்பந்த ஊழியரும் இவ்விதிக்கு உட்பட்டவரே. 2023ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, கணிப்பொறி அபாயங்களை எதிர்கொள்ளும் தேசிய அமைப்பாகிய 'செர்ட்-இன்', மத்திய அமைச்சகங்களுக்கும் அவற்றின் கீழுள்ள நிறுவனங்களுக்கும் விரிவான தகவல் பாதுகாப்பு நெறிமுறைகளை அளித்தது.

விதிகள் நல்லவையே. ஆயின் பாறசாலை போன்ற ஓர் ஊரில் அவை எவ்வாறு சென்று சேர்கின்றன என்பதை நோக்க வேண்டும். அங்குள்ள தபால் நிலையமும் ரயில் நிலையமும் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தவை. கிராம அலுவலகமும் பஞ்சாயத்தும் மாநிலத்தைச் சேர்ந்தவை. பொதுமக்கள் விண்ணப்பம் அனுப்பும் அக்ஷய மையமோ, மாநிலத் திட்டத்தின் கீழ் தனியார் ஒருவரால் நடத்தப்படுவது. எல்லைக்கு அப்பால் சென்றால் அதே வேலையைச் செய்வது தமிழ்நாட்டின் இ-சேவை மையம். ஒரே குடிமகனின் விவரம் இந்நான்கு வகை அலுவலகங்களிலும் உலவுகின்றது. ஒவ்வொன்றிற்கும் உத்தரவிடும் இடம் வேறு. நான்கு வாயில்களுள் மூன்றைப் பூட்டி ஒன்றைத் திறந்து வைப்பதால் பயன் ஒன்றும் விளையாது.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், ஆதார் பதிவு செய்யும் மையம் ஒன்றின் கணிப்பொறி தொலை அணுகல் மென்பொருள் வழியாக ஊடுருவப்பட்டுப் போலிப் பதிவுகள் செய்யப்பட்டன என்னும் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. அச்செய்திகளின்படி, மேலிடத்து அதிகாரி என்று கூறிக்கொண்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, சரிபார்ப்பதற்கென்று அம்மென்பொருளை இறக்கச் செய்துள்ளார். இங்கே உடைக்கப்பட்டது பூட்டு அன்று. உபயோகிக்கப்பட்டது ஒரு சிப்பந்தியின் பணிவு.

தடை ஏன் தோற்கின்றது?

தடை செய்யப்பட்ட கருவியைச் சிப்பந்திகள் ஏன் உபயோகிக்கின்றனர் என்னும் வினாவிற்கு நேர்மையான விடை காணாத வரையில் எந்த உத்தரவும் பயன் தராது. மாதக் கடைசி நாள். வரிசையில் முப்பது பேர் நிற்கின்றனர். அச்சிடும் யந்திரம் இயங்க மறுக்கின்றது, அல்லது மின்கையொப்பம் ஏற்கப்படவில்லை. முறைப்படி புகார் பதிவு செய்தால் விடை எப்பொழுது வரும் என்பது தெரியாது. தொலைபேசியில் கிடைக்கும் தனியார் தொழில்நுட்பத்தாரோ, 'எண்ணை மட்டும் சொல்லுங்கள், ஐந்து நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன்' என்கின்றார். இந்நிலையில் சிப்பந்தி எண்ணைச் சொல்லிவிடுவது வஞ்சகத்தால் அன்று. வரிசையில் நிற்பவர் மீதுள்ள பரிவினால்.

ஆகவே, அனுமதி பெற்ற உதவி தாமதமாகவும் அனுமதி பெறாத உதவி உடனுக்குடனும் கிடைக்கும் வரை, தடை என்பது ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும். தவிரவும், அது சிப்பந்தியை இரகசியத்திற்குப் பழக்குகின்றது. தவறு நேர்ந்தபின் அவர் அதனை மறைக்கவே முற்படுவார்.

தொலை அணுகலை அறவே ஒழித்து, நேரில் ஆளை அனுப்பலாமே என்று சிலர் கூறக்கூடும். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் மலையடிவாரத்து அம்பூரியிலும் வெள்ளறடையிலும், கடலோரத்துப் பூவாறிலும் ஒரே நாளில் பழுது நேருமாயின் ஒரே ஆள் எங்கெங்கே செல்வார்? தொலைவழி உதவி இன்றியமையாதது. அதனை ஒழுங்குபடுத்துவதே விவேகம்.

பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது

மென்பொருள்களைப் பரிசோதித்து, இன்னின்னவை நல்லவை என்று ஒரு பட்டியல் வெளியிட்டுவிட்டால் போதும் என்ற கருத்தும் நிலவுகின்றது. அண்மைக் கால அனுபவம் இதனை ஆதரிக்கவில்லை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி எனிடெஸ்க் நிறுவனம், தன் சொந்தக் கணிப்பொறிகளே ஊடுருவப்பட்டதாக அறிவித்து, வாடிக்கையாளர்களின் வலைவாயில் கடவுச்சொற்களை ரத்துச் செய்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் டீம்வியூவர் நிறுவனமும் தன் உள் வலையமைப்பில் ஊடுருவல் நேர்ந்ததாகத் தெரிவித்தது. 2024 டிசம்பரில் அமெரிக்க நிதி இலாகாவின் கணிப்பொறிகள் சிலவற்றில் அயலார் நுழைந்தனர். அவ்விலாகா முறைப்படி விலைக்குப் பெற்றிருந்த பியாண்ட்டிரஸ்ட் நிறுவனத்தின் தொலைவழி உதவிச் சேவைக்குரிய திறவுகோல் ஒன்று களவுபோனதே அதற்குக் காரணம்.

இவற்றால் விளங்குவது யாது? அனுமதி பெற்ற வாகனத்திலும் அனுமதியற்றவர் வரக்கூடும். ஆதலின் அனுமதி மென்பொருளுக்கு மட்டும் அளிக்கப்படுவது போதாது. ஒவ்வொரு பிரவேசத்திற்கும் அளிக்கப்பட வேண்டும். 2020இல் இஞ்சிவிளையில் கேட்கப்பட்ட வினாக்களே இங்கும் பொருந்தும். வருபவர் யார்? எந்தக் கணிப்பொறிக்கு? எந்தக் காரியத்திற்காக? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?

நடைமுறையில் இதற்குச் சில ஏற்பாடுகள் அவசியம். அங்கீகரிக்கப்பட்ட ஒரே மென்பொருள், பழுது நேர்வதற்கு முன்பே ஒவ்வோர் அலுவலகக் கணிப்பொறியிலும் இலாகாவினால் நிறுவப்பட்டிருக்க வேண்டும்; அவசரத்தில் வலைத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் தேவையே எழலாகாது. ஆள் இல்லாத வேளையிலும் நுழைய வகை செய்யும் நிரந்தரக் கடவுச்சொல் அறவே நீக்கப்பட வேண்டும். உதவுபவரின் அடையாளம் கடவுச்சொல்லோடு இன்னுமொரு சான்றினாலும் உறுதி செய்யப்பட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, அழைப்பின் திசை. உதவி தேவைப்படும் அலுவலகமே, சுவரில் எழுதி வைக்கப்பட்ட எண்ணை அழைக்க வேண்டும். தானாக வரும் எந்த அழைப்பும், அழைப்பவர் எத்துணைப் பெரிய பதவியைக் கூறினும், மறுக்கப்பட வேண்டும். மறுத்த சிப்பந்தி அதற்காக ஒருபோதும் கண்டிக்கப்படலாகாது. இவ்வொரு விதி நடைமுறையில் இருந்திருப்பின், மலப்புறத்தில் வந்தது போன்ற அழைப்பு முதல் நிமிஷத்திலேயே முடிந்திருக்கும்.

கடிகாரமும் பதிவேடும்

பிரவேசங்கள் யாவும் தாமாகவே பதிவாக வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. இதனைச் சிப்பந்திகள் தம்மைக் கண்காணிக்கும் ஏற்பாடு என்று கருதுவதுண்டு. உண்மையில் பதிவேடு அவர்களுக்கே காப்பாகும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில் உள்ள ஓல்ட்ஸ்மார் என்னும் சிறு நகரின் குடிநீர் நிலையத்தில், நீரில் கலக்கும் சோடியம் ஹைட்ராக்ஸைடின் அளவு பத்து லட்சத்தில் 100 பங்கிலிருந்து 11,100 பங்காகத் திடீரென உயர்த்தப்பட்டதை இயக்குநர் ஒருவர் கண்டு உடனே சரி செய்தார். தொலை அணுகல் மென்பொருள் வழியாக அயலார் நுழைந்ததாக அப்பொழுது அறிவிக்கப்பட்டு, உலகெங்கும் அச்செய்தி பரவிற்று. அங்குள்ள கணிப்பொறிகள் தொலைவழி நுழைவிற்கு ஒரே கடவுச்சொல்லைப் பொதுவாகக் கொண்டிருந்தன என்பதும் தெரியவந்தது. ஆனால் 2023இல், அந்நகரின் முன்னாள் நிர்வாகி, அது ஊழியர் ஒருவரின் கைத்தவறாகவே இருக்கக்கூடும் என்று பகிரங்கமாகக் கூறினார். அனைவருக்கும் ஒரே கடவுச்சொல் இருக்குமிடத்தில், களவையும் கைத்தவறையும் பிரித்தறிய வழியில்லை. குற்றமற்றவர் தம்மைக் குற்றமற்றவர் என்று நிரூபிக்கவும் வழியில்லை.

பதிவேடு பயன்பட வேண்டுமாயின் அதிலுள்ள நேரம் சரியாக இருத்தல் வேண்டும். அலுவலகக் கணிப்பொறி 10 மணி 5 நிமிஷம் என்றும், தலைமையகக் கணிப்பொறி அதே நிகழ்ச்சியை 9 மணி 58 நிமிஷம் என்றும் குறித்தால், எது முன் நிகழ்ந்தது என்பதை எவராலும் கூற இயலாது. இதனால்தான் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதியிட்ட 'செர்ட்-இன்' உத்தரவு, கணிப்பொறிகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் நேரத்தோடு இணைக்கப்பட வேண்டும் என்கின்றது. புது டில்லியில் உள்ள அவ்வாராய்ச்சிக்கூடமே அணுக் கடிகாரங்களின் துணையால் இந்திய நேரத்தைக் காத்து வருகின்றது. பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்பதும், குறிப்பிட்ட வகை விபத்துகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் அடங்கியவை.

ஆறு மணி நேரம் என்பது குறுகிய காலம். தண்டனைக்கு அஞ்சும் சிப்பந்தி முதல் ஆறு மணியை யோசனையிலேயே கழித்துவிடுவார். தாமே முன்வந்து உடனே தெரிவிப்பவருக்கு ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு என்று விதியிலேயே எழுதப்படுமாயின், அவ்வுத்தரவு கடைசி அலுவலகம் வரை உயிர் பெறும்.

விதியின் மொழி

இறுதியாகக் கூற வேண்டியது மொழியைப் பற்றியது. மேற்கூறிய நெறிமுறைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. திரையில் தோன்றும் சம்மத வினாவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தோன்றுகின்றது. எல்லைப்புறக் கிராமங்களிலோ பேச்சும் எழுத்தும் மலையாளத்திலும் தமிழிலும் நடைபெறுகின்றன. இப்பகுதித் தமிழர் அரசாங்கத்தோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே அங்கீகரித்தது. குடிமகனின் விண்ணப்பத்திற்கு இருந்த அந்த மதிப்பு சிப்பந்தியின் சம்மதத்திற்கும் வேண்டும். எதற்குச் சம்மதிக்கின்றோம் என்பதை அறியாமல் அழுத்தப்பட்ட பொத்தான், சட்டத்தின் கண்ணுக்குச் சம்மதமாகத் தோன்றினும் அறிவின் கண்ணுக்குச் சம்மதம் ஆகாது. 'இதனை அழுத்தினால் அயலிடத்தில் உள்ள ஒருவர் உங்கள் கணிப்பொறியை இயக்குவார். இவரை நீங்கள் அழைத்தீர்களா?' என்ற இரு வாக்கியங்கள் இரு மொழிகளிலும் திரையில் தோன்றுவதற்குப் பெரும் செலவு ஆகாது. மென்பொருளை அங்கீகரிக்கும்போது இதனையும் ஒரு நிபந்தனையாக விதிக்கலாம்.

இப்பணியில் ஆசிரியர்களின் பங்கு பெரிது. கேரளத்துப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் கணிப்பொறி மன்றங்கள் 2018 முதல் இயங்கி வருகின்றன. ஓய்வூதியத்திற்காக வரிசையில் நிற்கும் பாட்டியின் கைப்பேசிக்கும் இதே வஞ்சக அழைப்பு வருகின்றது. அலுவலகத்திற்கான விதி வீட்டிற்கும் பொருந்தும் என்பதை மாணவன் தன் வீட்டாருக்கு எடுத்துரைப்பானாயின், அது எந்தச் சுற்றறிக்கையைக் காட்டிலும் விரைவாகப் பரவும்.

ஒரு பாதுகாப்பு விதியின் தரத்தை அது எழுதப்பட்ட தலைநகரில் அளக்க இயலாது. மாதக் கடைசி நாளில், முப்பது பேர் வரிசையில் நிற்க, பழுதுற்ற யந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் சிப்பந்திக்கு அது வழி காட்டுகின்றதா என்பதே உரைகல். வேண்டாம் என்று கூறுவதோடு நிற்காமல், யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பதையும் கூறும் விதியே பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மதிக்கப்படும்.